தீர்மானம் எண் நான்கு

திருத்தணி ரயிலடிக்கு எதிரே ஒரு மாடி அறை.
மின்விசிறி மூன்று, சுற்றுவது ஒன்று.
எட்டுக் கல்லூரியின் எட்டு உடற்கல்வி இயக்குநர்கள்
பதினாறு போண்டா
ஒரு கேள்வி:
கபடி லீக்கில் இன்னும் இரண்டு கல்லூரி சேர்க்கலாம்,
யாரை?

தீர்மானப் புத்தகம் என் மடியில்.
கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்,
அந்தக் குற்றத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர்.

முதல் உறை கனம்.
நெடுஞ்சாலையோரம் முளைத்த பொறியியல் கல்லூரி.
வழவழத் தாளில் வானத்திலிருந்து எடுத்த படம்:
நீல மேட், மஞ்சள் கோடு,
இரவிலும் ஆட நான்கு விளக்குக் கம்பம்.
"டீம் எங்கய்யா?" என்றார் ஏகாம்பரம்.
திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கட்டண விவரம்.
ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் தருகிறார்கள்.
போன வருஷக் கோப்பைக்கே
பாத்திரக்கடையில் பாக்கி நிற்கிறது.
போண்டா வாயோடு தலையாட்டினோம்.

இரண்டாவது காளஹஸ்திக்கும் அப்பால்.
வேனுக்கு டீசல் யார் அப்பன் போடுவான்?

மூன்றாவது சோளிங்கர்ப் பக்கம்.
நல்ல மைதானம்தான்,
போன தடவை நட்பு ஆட்டத்தில்
ஒரு குரங்கு போனஸ் கோட்டைத் தாண்டி வந்து
நடுவரின் விசிலோடு போய்விட்டது.
அதைத் தொட யாரும் துணியவில்லை.

நான்காவது
கட்டம் போட்ட நோட்டுத்தாள், தெலுங்கில்.
நகரிக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி.
கஜபதி படித்துச் சொன்னார்
(வீட்டில் தெலுங்கு, கூட்டத்தில் தமிழ்,
கோபம் வந்தால் இரண்டும்):

"எங்களிடம் மேட் இல்லை. மண் உண்டு.
ஏழு பேரில் நான்கு பேர் ராத்திரி விசைத்தறிக்குப் போகிறவர்கள்.
பகலிலும் காதில் தறி ஓடும்.
ஆகவே நடுவர் விசிலைக் கொஞ்சம் உரக்க ஊதினால் நல்லது.
வேறு சலுகை வேண்டாம்."

மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் கேட்டது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம்.
மாநிலம் வேறே. பல்கலைக்கழகம் வேறே.
தேர்வுத் தேதி ஒத்து வராது.
நாம் சடுகுடு என்பதை அவர்கள் செடுகுடு என்பார்கள்,
நாளைக்குத் தகராறு வந்தால்?
செக்போஸ்டில் வேனை நிறுத்துவான்.

ஐந்தாவதைப் பிரிப்பதற்குள்ளேயே பிடித்துப் போயிற்று.
பொதட்டூர்ப்பேட்டை அருகே, தொடங்கி இரண்டே வருடம்,
ஆட வரும் பையன்கள் ஒன்பது பேர்,
அதில் மூவருக்குக் கண்ணாடி.
"வளரட்டும், வாய்ப்புக் கொடுக்கணும்" என்றார் முனிரத்தினம்,
குரலில் அத்தனை கருணை.
ஏழு கைகள் உயர்ந்தன.
ஒன்றில் நீல மை. அது என்னுடையது.

உயராத கை ஜெயசீலியுடையது.
டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:
"பொங்கலப்ப பள்ளிப்பட்டுல
அந்த நகரிப் பசங்ககிட்ட நாப்பத்தொண்ணு பன்னெண்டு,
அது உங்க டீம்தானே சார்?"

என் டீம்தான்.
பன்னிரண்டில் நான்கு, அவர்கள் சிரித்துக்கொண்டே விட்டது.
ஏகாம்பரத்துக்கு முப்பத்தெட்டு ஒன்பது.
முனிரத்தினம் பாதி ஆட்டத்திலேயே வேனைக் கிளப்பியவர்.
அறையில் இருந்த யாரையும்
அந்தப் பையன்கள் தொடாமல் விட்டதில்லை.

பழக்க தோஷம், "ஒருமனதாக" என்று எழுதிவிட்டேன்.
ஜெயசீலி பேனாவை வாங்கி
அந்தச் சொல்லின் நடுவே ஒரு கோடு கிழித்து
பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார்.
பதினோரு வருடப் புத்தகத்தில் முதல் அடித்தல்.

எல்லோரும் போனபின்
மறுப்புக் கடிதம் எழுத நானும் கஜபதியும்.
தமிழில் நான் சொல்ல
தெலுங்கில் அவர் எழுதினார்.
"வருந்துகிறோம்" என்றேன்.
"சிந்திஸ்துன்னாமு" என்று எழுதினார்.

"சிந்திக்கிறோம்னு போடலய்யா, வருந்துகிறோம்."

"அதுக்கு அதான் சார் வார்த்தை.
ரேணிகுண்டா பிளாட்பாரத்துல கேட்டதில்லையா,
வண்டி லேட்டுன்னா அந்தம்மா
இதைத்தானே சொல்லுது."

எதிரே ஸ்டேஷனில் ஏதோ ஒரு வண்டி
நிற்காமல் போயிற்று.
உறையை ஒட்டாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.