பச்சைப் பனி

சுருளின் தொடக்கத்தில்,
எண்கள் இறங்கிவருவதற்குச் சற்று முன்
நான்கு ஃப்ரேம்களில் ஒரு பெண்.
பக்கத்தில் வண்ணக் கட்டங்கள் போட்ட அட்டை.
மஞ்சள் சட்டை. கழுத்துப் பித்தான் மாற்றிப் போடப்பட்டிருக்கிறது.
நொடியில் ஆறில் ஒரு பங்கு.
கண்ணிமைக்கும் நேரம் என்கிறோமே,
அதற்குக்கூடப் பஞ்சம்.

புடாபெஸ்ட் லேபில் இவளுக்கு "அளவு" என்று பெயர்.
அளவைப் போடு, அளவைக் காட்டு, அளவு சரியா?
இவள் கன்னம் கன்னமாகத் தெரியும்வரை
விளக்கைக் கூட்டினார்கள், குறைத்தார்கள்.
அதன்பின்தான் கதாநாயகியின் தோளுக்கு நிறம்.
கோதுமைக்கு, டன்யூபுக்கு,
அமைச்சர் வெட்டிய ரிப்பனுக்கு நிறம்.
திரை விலகும்போது
இவள் ஏற்கெனவே ஓடி முடிந்திருப்பாள்.

பார்ப்பது யார், பார்க்கப்படுவது யார் என்று
மூன்று பருவம் படித்தவள் நான்.
பார்வையை ஆண் பக்கமும்
பிம்பத்தைப் பெண் பக்கமும் வைத்து
நடுவில் ஒரு கோடு கிழித்தேன்.
நல்ல மதிப்பெண்.
யாருமே பார்க்காத, ஆனால்
பார்ப்பவர் எல்லோருக்கும் கண்ணைத் திருத்திக்கொடுத்த முகத்தை
அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது?

பழைய சம்பளப் பதிவேட்டில் கிடைத்தது:
வாடாஸ் எடெல்கா, கணக்குப் பிரிவு,
கேமரா முன் அரை மணி, படி இல்லை.

செகெட் நகரில் இருக்கிறார். தொலைபேசியில் சிரிப்பு முதலில் வந்தது.
"அதுவா! வட்டிக் கணக்கின் நடுவில் எழுப்பிக்கொண்டு போனார்கள்.
சிரிக்காதே, அசையாதே.
நாடே பார்க்கப்போகிறதே என்று
கழிவறைக்கு ஓடி ரூஜ் பூசிக்கொண்டேன்.
என் தங்கையின் ரூஜ், வியன்னா சரக்கு. கொஞ்சம் தாராளமாகவே.
படம் வந்த வெள்ளிக்கிழமை அவளோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.
விளக்கு அணைந்தது, காதலித்தார்கள், செத்தார்கள், விளக்கு எரிந்தது.
'நீ எங்கே வந்தாய்?' என்றாள்.
'நீ தும்மினாயே, அப்போது.'"

தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது.
அந்த ஆண்டின் குளிர்காலப் படங்களில் எல்லாம்
பனி பச்சையாக விழுகிறது.
பாசி படிந்த குளம்போல் ஒரு வானம்.
கோப்பு நிறையக் கடிதங்கள்:
பிலிம் மோசம் என்று ஒருவர்,
தண்ணீர் மோசம் என்று ஒருவர்,
ஒளிப்பதிவாளர் குடிக்கிறார் என்று, கையெழுத்தில்லாமல், ஒருவர்.
கன்னத்தை யாரும் சந்தேகிக்கவில்லை.
அளவு தவறுமா?
அவள் சிவப்பைக் கூட்டினாள்.
அவர்கள் ஒரு தேசத்தின் டிசம்பரிலிருந்து
அவ்வளவு சிவப்பையும் இறக்கிவிட்டார்கள்.

ஒரு சொடுக்கு போதும், வெள்ளையாக்கிவிடலாம்,
என்கிறான் ஜொம்போர்.
முன்முனையை வெட்டிவிடச் சொல்கிறது கையேடு.
வெட்டவில்லை.
பனியையும் தொடவில்லை.
படிவத்தில் "பிழைக்கான காரணம்" என்ற இடத்தில்
"பிழை"யை மட்டும் அடித்துவிட்டு எழுதினேன்:
அன்று வாடாஸ் எடெல்கா ரூஜ் பூசியிருந்தார்.

ஆதாரம் எங்கே என்றான்.
சுருளை முதலிலிருந்து ஓட்டினேன்.
தும்மிவிடாதே, என்றேன்.