நிகர எடை

கோத்தகிரிக்கு மின்சாரம் திரும்பியபோது இரவு எட்டேகால்.
கீழே வாட்டும் தொட்டிகளில் விசிறிகள் மூச்சுவிடத் தொடங்க,
மாடியில் என் கணினியும்
பச்சை இலை வாசத்தில் கண் விழித்தது.

பதினோரு சேகரிப்பு மையங்கள், பதினோரு எக்ஸ்எம்எல் கோப்புகள்.
தராசு எழுதி அனுப்புவது.
மனிதர் படிப்பதற்கல்ல, ஆனாலும் படிக்கலாம்:
<விவசாயி> திறக்கும்,
உள்ளே <எண்>, <பெயர்>, <எடை>, <நாள்>.
கடைசியாய்த் திறந்தது முதலில் மூடும்,
நெரிசல் பஸ்ஸில் கடைசியாய் ஏறியவர்
படியிலிருந்து முதலில் இறங்குவது போல.

இந்த எழுத்தை அள்ளி என் நிரலில் ஊற்றினால்
ஒவ்வொரு அடைப்பும் ஓர் ஆள் ஆகும்.
நிரலுக்கு அது ஆப்ஜெக்ட்,
தமிழில் பொருள்.
சொல்லுக்கு இருப்பதும் பொருள்,
மாதம் பிறந்தால் கைக்கு வர வேண்டியதும் பொருள்.
சேர்ந்த புதிதில் இதை நினைத்துச் சிரித்ததுண்டு.

செவ்வாய்க்கிழமை மாதி வந்தார், நெடுகுளாவிலிருந்து.
தலையில் கட்டிய வெள்ளைத் துணியில் தூறல்.
இரண்டு சீட்டுகளை மேசையில் விரித்தார்.
தராசு தந்தது: பதினெட்டு புள்ளி நான்கு கிலோ.
நான் தந்தது: சுழியம்.
"காத்தையா கொண்டுவந்து போட்டேன்?"

மாதி மட்டுமல்ல.
போஜன், ஹாலன், ரங்கி என்று நாற்பத்து மூன்று பேர்
பெயர் சரி, எண் சரி, நாள் சரி,
எடையில்லாமல் என் பட்டியலில் நின்றார்கள்.
நெடுகுளாவில் புதுத் தராசு.
அது <எடை> என்று எழுதவில்லை,
<நிகரஎடை> என்று எழுதியிருந்தது.
என் அச்சில் அந்தப் பெயருக்குக் குழி இல்லை.
குழி இல்லாததை நிரல் சத்தமின்றித் தாண்டிப் போகும்.
எடைக்கென்று வெட்டிய குழியையோ
காலியாக விடத் தெரியாமல்
சுழியத்தால் நிரப்பிவிடும்.

பிழை என்று ஒரு சிவப்பு வரிகூட வரவில்லை.
அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.
சுழியம் ஓர் எண்.
'கொண்டுவரவில்லை' என்று அடித்துச் சொல்கிற எண்.
'எனக்குத் தெரியாது' என்று சொல்ல
அதற்கு வாய் கிடையாது.

திருத்தம் இரண்டே இடம்.
இந்தப் பெயரில் வந்தாலும் எடைதான் என்று ஒரு வரி.
வகைக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி:
தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருக்க அனுமதி.
ஓட்டினேன். 18.4.
மாதி திரையைப் பார்க்கவில்லை.
அச்சடித்த தாளைப் பார்த்தார், மடித்தார், போனார்.

அதோடு எழுந்திருக்கலாம்.
சந்தேகம், காலுறைக்குள் அட்டை ஏறிய மாதிரி.
வேறு எதையெல்லாம் தாண்டிப் போயிருக்கிறாய் என்று
நிரலை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன்.

<குறிப்பு>. <குறிப்பு>. <குறிப்பு>.
பழைய தராசுக் காலத்திலிருந்தே,
மாசி தொடங்கி இந்த ஐப்பசி வரை
இருநூற்றுப் பன்னிரண்டு.
நெடுகுளா மையத்துச் சகாயராஜ்
தராசின் சின்னப் பொத்தான்களில்
ஈரவிரலால் தட்டியவை.

"மழை இலை. ரெண்டு கிலோ கழிச்சாச்சு. மறுபடி கழிக்காதீங்க."
"கரடி. லாரி அரை மணி லேட்."
"ரங்கி அக்கா இலை ஹாலன் பேர்ல ஏறிடுச்சு, மாத்தவும்."
"தார்ப்பாய் கிழிஞ்சிருக்கு."
"தார்ப்பாய் இன்னும் வரலை."
"தார்ப்பாய்."

எல்லாம் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியவை.

குறிப்புக்கும் ஒரு குழி வெட்டினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டும் வந்து உட்கார்ந்தன.
மேலாளர் பார்க்கிற அறிக்கையில் அவற்றுக்குப் பத்தி இல்லை,
கூட்ட முடியாது, சராசரி கிடையாது.
மறுபடி கழித்த கிலோக்களை மட்டும்
தனியே எழுதிக்கொண்டேன், நாளைக்குச் சண்டை போட.

பத்தரைக்கு இறங்கினேன்.
டிரைவர் ஜபருல்லா பனிக்கு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.
காலையில் நெடுகுளா போகும்போது
பின்கிடங்கிலிருந்து ஒரு தார்ப்பாய் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன்.
"எத்தனைக்கு எத்தனை?" என்றார்.
அது எந்தக் குறிப்பிலும் இல்லை.