ஒத்தக்கையன்

எண்பத்தேழாம் வருஷம், ஆடி மாசம், அந்தியூர்ச் சந்தை.
குதிரை வரிசைக்கும் பொரிக்கடைக்கும் நடுவில்
கிழிந்த பவானி ஜமுக்காளம் நாலைச் சேர்த்துத் தைத்த கூடாரம்.
உள்ளே ஒரு பெட்ரோமாக்ஸ்.
அதன் கீழே, முக்காலியில், ஒத்தக்கையன்.

ஊட்டி கிளப் ஏலத்தில் எடுத்தது.
எடுக்கும்போது வயிற்றுக்குள் எலிக்குஞ்சு நாலு இருந்ததாம்,
சென்னியப்பன் பெருமையாகத்தான் சொல்வார்.
துரைமார் காசுக்கென்று வெட்டிய வாய் அதற்கு,
நம் காசு செல்லாது.
பித்தளையில் வில்லை அடித்து வைத்திருந்தார்,
வில்லை எட்டணா.
போட்டுக் கையை இழுத்தால் மூன்று உருளை ஓடும்:
எலுமிச்சை, மணி, இன்னும் ஏதோ சிவப்புப் பழம்,
அதை எல்லோரும் களாக்காய் என்றார்கள்.
மூன்று மணி சேர்ந்தால்
கண்ணாடிக் குழாயில் தேங்கியதெல்லாம் கொட்டும்.

நான் கணபதியில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள்.
ஒன்றுக்கு அறுபத்தெட்டுச் சுற்று.
யாராவது பேச்சுக் கொடுத்தாலும் தப்பாது,
எண்ணுவது வாய் அல்ல, மணிக்கட்டு.
சித்தப்பா மாடு பார்க்க வந்தார்,
நான் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

முதல் ராத்திரி ஒரு வில்லைகூட வாங்கவில்லை.
நின்று கேட்டேன்.
"ஏனம்மிணி, ஆடறதுன்னா ஆடு,
இல்லீன்னா அக்கட்டால தள்ளி நில்லு."
தள்ளி நின்றும் கேட்டது.
உள்ளே ஒரு காற்றாடி, பிசுக்கேறி, சோம்பலாய்ச் சுற்றுகிறது.
வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராய் இழுத்து விட்டால்
முதல் உருளை ஏழு பல் தள்ளி நிற்கும்,
இரண்டாவது பதினொன்று.
மூன்றாவது மட்டும் அதன் இஷ்டம்.
என் கணக்கில் ஏழு தடவைக்கு ஒன்று.

ஆக, நான் ஆட வேண்டியதில்லை.
யாராவது ஆட வேண்டும்.
குழாய் நிறைய வேண்டும்,
உருளைகள் எனக்குத் தோதான இடத்தில் நிற்க,
அந்த ஆள் எழுந்து போக வேண்டும்.

இரண்டாம் ராத்திரி அந்த ஆள் சிவமல்லு.
பர்கூர் மலையிலிருந்து செம்மறைக் காளை ஓட்டிவந்து விற்றவர்.
மாடு போய்விட்டது, மூக்கணாங்கயிறு தோளில்.
வெடுக், வெடுக்கென்று இழுத்தார்,
பால் மறந்த மாட்டிடம் கறக்கிற மாதிரி.
மெதுவா இழுங்க என்று
சொல்லியிருக்கலாம்.
பொரி வாங்கிக்கொண்டு வந்து நின்றேன்.

முப்பத்தொரு ரூபாய்.
எழுந்து போனார்.
உருளை இரண்டும் எனக்கென்றே நின்றன.
அன்றைக்கு அதற்கு முன்பு நாலு தடவை இழுத்து
நாலும் போயிருந்தது.
ஐந்தாவது வில்லை.
மணி. மணி.
மூன்றாவது தயங்கி, எலுமிச்சையைத் தாண்டி, மணி.

தகரத் தட்டில் விழுந்த சத்தத்துக்குக்
குதிரை ஒன்று கனைத்தது.
கூடார வாசலில் சிவமல்லு திரும்பி நின்றார்.
கோபமில்லை. சிரித்தார்.
"கை ராசி, தாயி."
ராசி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாய் நிறையப் பொரி.

மூன்றாம் ராத்திரி, கடை கட்டின பின்னால்,
சென்னியப்பன் முதுகுத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்.
"காதுல கேட்டுத்தான ஆடற?
எங்க இளகியிருக்குதுன்னு காட்டு. நூறு ரூவா."
மூன்று நாளில் நான் ஜெயித்தது நாற்பத்தாறு.
மண்ணெண்ணெயில் காற்றாடியைக் கழுவினேன்.
சுருளில் இரண்டு வளையம் வெட்டி இறுக்கினேன்.
இழுத்துப் பார்த்தேன், பத்துத் தடவை.
ஒரு நிற்பு போல இன்னொன்று இல்லை.
இனி யார் இழுத்தாலும் ஒன்றுதான்,
நான் உட்பட.
வேலை சுத்தம் என்றார்.

விடிகாலை பஸ்.
சித்தப்பா மாடு வாங்கவில்லை, பல் சரியில்லையாம்.
நூறும் நாற்பத்தாறும் நூற்று நாற்பத்தாறு,
பொரி போக, காப்பி போக,
முப்பத்தொன்றை எந்தப் பக்கம் எழுதுவது என்று
கோபி தாண்டும்வரை பிடிபடவில்லை.
கண்டக்டர் எங்கே என்று கேட்டார்.
ஊர்ப் பேருக்குப் பதிலாய்
பதினொன்று என்றேன்.