தோன்றா எழுவாய்

மொன்டானா. பிப்ரவரி.
பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள்.
பூட்ஸுகளைச் சுற்றி உருகிய பனி.
குறிப்பெழுதுவது என் வேலை.

புது வன அதிகாரி எழுந்தார்.
ஐந்து வருடத்தில் நாலாவது ஆள்.
"ஓடைச் சரிவில் லார்ச் மரங்கள்
தவறுதலாக வெட்டப்பட்டன.
பாடங்கள் கற்றுக்கொள்ளப்பட்டன."
அப்படியே எழுதினேன்.

வெர்னா டொஸ்டென்சன் கை தூக்கவில்லை,
எழுந்தே விட்டாள்.
"என் ரம்பம்தான்.
நீலப் பெயின்ட் அடித்ததை வெட்டு என்றது ஒப்பந்தம்.
வெட்டினேன்.
பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு
ஓடைவரை போகச் சொன்னது யார்?"

"அது நான் வருவதற்கு முன்."

முன்னவர் இப்போது அலாஸ்காவில்,
பதவி உயர்வோடு.
அவருக்கும் முன்னவர் விட்டுப்போனது
மீன் படம் போட்ட நாட்காட்டி ஒன்று.
முன்னூறு வருடம் இடமாற்றம் கேட்காமல் நின்றவை
லாரியேறிப் போய்விட்டன.

யாரோ காபிப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினார்கள்.
கூட்டம் முடிந்ததற்கு அதுதான் அடையாளம்.

இரவு பத்தரை. தட்டச்சு செய்கிறேன்.
வெட்டப்பட்டன:
எந்தப் பக்கம் தட்டினாலும் கதவில்லாத சொல்.
வெட்டினேன்:
கடைசி எழுத்தில் ஒருத்தி
ரம்பத்தோடு நிற்கிறாள்.
இந்தக் கோப்பை நாளை திறப்பவருக்கு
அகப்படப்போவது அவள் ஒருத்திதான்.

அழிக்க மனமில்லை. அழிக்காமலும் முடியவில்லை.

'வெட்டப்பட்டன'வுக்கு முன்னால்
ஒரு பெயர் கொள்ளும் அளவுக்கு
கோடு இழுத்து வைத்தேன்.
அதிகாரியின் ஒப்பத்துக்கு அனுப்பினேன்.

மார்ச்சில் திரும்பி வந்தது.
ஒப்பம் இருந்தது.
கோட்டை நெருக்கிச்
சேர்த்திருந்தார்கள்.