கொட்பே, இரவு இரண்டு மணி

கொட்பே ஐஸ் கொம்பனியில்
மணிக்கொருக்கா அமுக்க மீற்றரைப் பார்த்து
கொப்பியில் எழுதுகிறவன் நான்.
ஊசி சிவப்பைத் தொட்டால்
வால்வைத் திறக்கத் தெரியும்.

நேற்று
சதுரக்கோட்டுக் கொப்பி கேட்ட ஹம்சினி மேல்
பாய்ந்து விழுந்தேன்.
கொப்பியா காரணம்?
காலையிலிருந்து லீசிங்காரன் நாலு தரம் எடுத்திருந்தான்.
அதற்கும் முன்னமே
பல்லை நெருமி நெருமித் தாடை நொந்துகிடந்தது.
அதைப் பார்க்க ஆளில்லை.
கச்சான் காற்றின் வெக்கை என்று
மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

இரவு இரண்டு.
கொம்பிரசர்: நூற்றெண்பது.
பக்கத்தில், பென்சிலால்,
நான்: சிவப்புக்குக் கிட்ட.

வெளியே வந்து குந்தினேன்.
சீனக்குடாப் பக்கம் ஒரு வள்ளத்தின் வெளிச்சம்.
இழுத்த மூச்சு உடனே இறங்கவில்லை,
பத்தாவதோ பதினோராவதோதான் இறங்கியது.

லீசிங்காரனுக்கு விடிந்ததும் நானே எடுப்பேன்.
ஹம்சினிக்கு என்ன சொல்வதென்று
இன்னும் பிடிபடவில்லை.
கொப்பிக் கடை எட்டுக்குத்தான் திறக்கும்.