வருகைப் பதிவேடு

தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்துப் பதிவேட்டில்
நாலு கட்டம்: பெயர், ஊர், பதவி, வந்த காரியம்.
பெயரை இரண்டு வரிக்கு எழுதினார்.
ஊர் என்ற இடத்தில் ஒரு நாடு.
பதவியில் பேனா நின்றுவிட்டது.

செண்பகனூரிலிருந்து மொழிபெயர்க்க வந்த பாதர் தைரியநாதன்
என் காதோடு சொன்னார்:
"ஜனாதிபதியா இருந்தவர். நாப்பத்தோரு மாசம்."
நானே இங்கே தினக்கூலியில் பதினோரு வருஷம்.

தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.
சில்வர் ஓக்கில் மிளகு, அடியில் காப்பி,
நடுநடுவே மலைவாழை, எல்லாவற்றின் மேலும் மேகம்.
வெயிலே இல்லாத இடத்தில்
கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார்.
பிறகு பேசினார்.
நான் தார் எண்ணி முடிக்கும்வரை பேசினார்.
பாதர் தமிழில் சொன்னது:
"அப்பா வாழைக் கப்பல்ல சுமை தூக்கினவராம்."

மறுபடி பேச்சு. ஊன்றுகோலால் மண்ணில் ஒரு தண்டவாளம்,
அது போய் முட்டுகிற துறைமுகம்,
கோட்டுக்கு இரண்டு பக்கமும் கம்பெனி.
பாதர்: "பூகோளம் நடத்தின வாத்தியார். அப்புறம் தேர்தல்."

மூன்றாம் தடவை குரல் இறங்கியது.
விரல் மடக்கி யார் யாரையோ எண்ணினார்,
இரண்டாவது கைக்குப் போனதும் நிறுத்திக்கொண்டார்.
பாதர் அட்டை கடித்த காலைக் கொஞ்ச நேரம் சொறிந்தார்.
"தரிசு நிலத்தைப் பங்கு வச்சாராம்.
ராணுவம் வந்துருச்சாம்."
அவ்வளவுதானா என்றேன்.
"என்னால அவ்வளவுதான்மா முடியும்."

முடிக்கொத்து விழுந்த கன்று ஒன்று,
இலைகள் மேலே போக வழியில்லாமல்
ஒன்றையொன்று நெருக்கி விறைத்து நின்றது.
என்ன செய்வீர்கள் என்று கையாலேயே கேட்டார்.
மண்ணெண்ணெய் ஊற்றிக் கிழங்கோடு எடுத்துவிடுவோம்,
பக்கத்துக் கன்றையும் நம்பமாட்டோம் என்றேன்.
பாதர் சொல்லி முடிக்குமுன்பே தலையசைத்தார்,
தெரிந்த ஆளின் பெயர் காதில் விழுந்ததுபோல.

விருப்பாச்சித் தார் ஒன்றில் சீப்பை அவரே அறுத்தார்,
சட்டையில் பால் தெறிக்காமல் தள்ளிப் பிடித்து.
அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
கட்டைவிரல் நீளப் பழம். நின்றபடியே மூன்று தின்றார்.
"இந்த மலை எந்தக் கம்பெனிக்குச் சொந்தம்?"

கீழே பார்த்தேன்.
குன்னுவர் வீட்டு ஒன்றரை ஏக்கர்,
அதற்குக் கீழே வெள்ளத்தாயின் முக்கால் ஏக்கர்,
வேலி போட்டிருந்தது, யார் என்று தெரியாத ஒரு துண்டு.
கம்பெனி ஏதும் இல்லைங்க.
பழத்தில் ஒரு பங்கு பழனிக்குப் போகும், பஞ்சாமிர்தத்துக்கு.
பத்திரமெல்லாம் கூட்டுறவு வங்கியில் இருக்கும்.
பாதர் கடைசி வரியை மொழிபெயர்த்தபோதுதான்
அவர் முதல் தடவையாகச் சிரித்தார்,
பல் தெரிய, இருமல் வரும்வரை.

ஜீப் ஏறுமுன் பதிவேட்டை மறுபடி நீட்டினேன்.
காரியம் என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதினார்.
"பசி"ன்னு போட்டிருக்கார் என்றார் பாதர்.
மேல் கட்டத்தின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டே நின்றார்,
பெரும்பாறைப் பக்கம் மழை இறங்குவதைப் பார்த்தபடி.
எழுதவில்லை.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
பழுப்பு ரேகை பதிந்த அந்தக் கட்டத்தைத் தட்டி,
இது என்னம்மா என்றார்.
வாழைக்கறை சார், போகாது என்றேன்.