ஓரம் மடிப்பவள்

சிப்காட் கம்பெனிக்கு இத்தாலியிலிருந்து
பையர் வந்துபோன வெள்ளிக்கிழமை
எங்கள் லைனுக்கும் ஆளுக்கொரு துண்டு வந்தது,
வேலூர் பேக்கரியில் சொல்லிவைத்து வாங்கியதாம்.
பேப்பர் தட்டில், உள்ளங்கை அகலம்.
பிஸ்கட்டால் ஒரு கிண்ணம்,
கிண்ணத்துக்குள் மஞ்சளாய் ஏதோ,
மேலே பழம், பழத்தின்மேல் வார்னிஷ்.
டார்ட் என்றாள் சூப்பர்வைசர் பெனிட்டா.
பாதி தின்றேன்.
மீதியை டிஷ்யூவில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்தேன்.
ஷிப்ட் பஸ் அம்மூர் வருவதற்குள்
அது கூழ்.
பிள்ளைகள் இரண்டும் டிஷ்யூவை நக்கிவிட்டு
"முழுசா இருந்தா எப்டிம்மா இருக்கும்?" என்றார்கள்.

அதற்குத்தான் இந்த ஞாயிறு.

மைதா கால் கிலோ, வெண்ணெய் நூறு.
மே மாதத்து ராணிப்பேட்டையில்
வெண்ணெய் என்பது வெறும் வதந்தி;
பொட்டலம் பிரிப்பதற்குள் எண்ணெய்.
ஐஸ் தண்ணீரில் கையை ஊறவைத்து
விறைத்த விரலால் பிசைந்தேன்.

"இன்னாமே பண்ற, சப்பாத்தியா?" என்றார் முனிரத்தினம்.
"இல்ல."
"அதிரசமா?"
"போய் மணல் எடுத்தாங்க."

வீடு கட்டியபோது மிஞ்சிய பாலாற்று மணல்
ஒன்றரை மூட்டை, மாடிப்படிக்குக் கீழே.
அந்த லோடு என்ன விலைக்கு வந்தது என்று
விருந்தாளிக்கெல்லாம் சொல்வார்.
ஒரு படி கேட்டதற்கு
நகை கேட்ட மாதிரி பார்த்தார்.

பெரிய குக்கரில் மணலைக் கொட்டி
வாஷரும் விசிலும் கழற்றி அடுப்பில் ஏற்றினேன்.
கடலை வறுக்கிற சூடு வரட்டும் என்று
எவர்சில்வர் தட்டில் மாவைப் பரப்பினேன்.

பன்னிரண்டு வருஷமாக
ஷூவின் மேல்தோல் ஓரத்தை
பசை காய்வதற்குள் மடித்து ஒட்டுகிற கட்டைவிரல்
நான் சொல்லாமலே வேலையைத் தொடங்கியது.
மடி, அழுத்து, நகர்.
மடி, அழுத்து, நகர்.
தட்டைச் சுற்றி வந்து
ஆரம்பித்த இடத்தில் முடிந்தது,
ஒட்டுத் தெரியாமல்.

"அம்மா, நீ மிஷினா?" என்றான் இளம்பரிதி.
கோபம் வரவில்லை.

முக்கால் மணி நேரம்.
அதற்குள் கஸ்டர்ட் கட்டி தட்டியது, வடிகட்டினேன்.
நாத்தனார் காஞ்சனா வாலாஜா மார்க்கெட்டில்
சண்டை போட்டு வாங்கிய பழம்:
பப்பாளிக் கீற்று, சப்போட்டா,
கொட்டை உள்ள பன்னீர் திராட்சை,
நான்கு மாம்பழத்தில் அழுகாத மூன்று.
"கிவின்னு ஒண்ணு இருந்திச்சி அண்ணி,
ஒரு பழம் நாப்பது ரூபா.
தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன்."
வார்னிஷுக்குச் சர்க்கரைப் பாகு போதும்.

தட்டை மேசையில் வைத்து வெட்டினேன்.
அடி குறுக்கே விரிசல்விட்டது,
கஸ்டர்ட் நிதானமாக வெளியே நடந்தது.
கம்பெனியாக இருந்தால்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி
ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருப்பார்கள்.
யுவஸ்ரீ போய் ஸ்பூன் எடுத்து வந்தாள். ஐந்து.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
திராட்சைக் கொட்டை துப்பும் சத்தம் மட்டும்.

நடுவெல்லாம் தீர்ந்த பிறகும்
ஓரம் நின்றது, வளையல் போல.
அதில் வரிசையாக என் கட்டைவிரல் குழிகள்.
யுவஸ்ரீ எண்ணினாள்: நாற்பத்திரண்டு.
ஒவ்வொரு குழியிலும் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.
எல்லாவற்றிலும் இடம் மீந்தது.

எத்தனை ஆயிரம் ஜோடி போயிருக்கும் கப்பலில்!
ஒன்றிலும் என் விரல் தெரியக் கூடாது.
தெரிந்தால் அது டேமேஜ்.

கடைசி ஓரத்தை முனிரத்தினம்
டீயில் தோய்த்துத் தின்றார்.
பெயர் என்ன என்று கேட்கவில்லை.
"அந்த மணலைக் கொட்டிடாதே," என்றார்,
"இன்னொரு வாட்டிக்கு ஆவும்."

ராத்திரி பத்து மணிக்கு
குக்கரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன்.
கை வைத்துப் பார்த்தேன்.
இன்னும் சுட்டது.